பணிவான எழுத்து

உரும்பிராய் அச்சகம் ஒன்றில் பதாகை வடிவமைக்கும் கோபிசங்கருக்கும் முதலாளி இளையதம்பிக்கும் காலையிலேயே சண்டை மூண்டுவிட்டது. ஐந்து ஓவியர்களின் கண்காட்சிப் பதாகையில், அவர்களில் ஒருவரான சாருஜா தன் பெயரை ஆங்கிலத்தில் முதலெழுத்து உட்பட முழுக்கச் சின்ன எழுத்தில் போடும்படி சொல்லியிருந்தார்.

“பேரெண்டால் கப்பிட்டல் எழுத்திலைதான் துடங்க வேணும். எங்களுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு சனம் சிரிக்கும்,” என்றார் முதலாளி.

“அவ தன்னைப் பெரிசாய்க் காட்ட விரும்பேல்லை, அண்ணை. அந்தப் பணிவை நாங்கள் பிழையெண்டு திருத்தக்கூடாது.”

“நான் சொல்லுறதைச் செய்.”

“அப்ப வேறை ஆளைப் பாருங்கோ. நான் வாறன்.”

கோபிசங்கர் பையைத் தூக்கிக்கொண்டான். கலியாணம் முடித்த புதிது. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் வாசல்வரை போய்விட்டான்.

“சரி, இரு. உன்ரை விருப்பப்படி செய்,” என்று முதலாளிதான் இறங்கிவந்தார்.

பின்னேரம் சாருஜா வந்தார். கணினித் திரையில் தன் பெயரைக் கண்டதும் நெகிழ்ந்துபோனார்.

“எல்லா இடத்திலையும் இதைத் திருத்திப்போடுவினம். நீங்கள்தான் என்னை விளங்கிக்கொண்டனீங்கள், தம்பி.”

கோபிசங்கர் முதலாளியை ஒருதரம் பெருமையோடு திரும்பிப் பார்த்தான்.

“இன்னும் ஒண்டு,” என்றார் சாருஜா. “மற்ற நாலு ஓவியர்களின்ரை பேரும் என்ரை பேரளவிலையே கிடக்கு. அவையளை அடியிலை ஒரு மூலைக்குள்ளை போட்டிட்டு, என்ரை பேரைப் பதாகை முழுக்க வாற மாதிரிப் பெருப்பியுங்கோ.”

கோபிசங்கர் திரையில் அவர் பெயரை இழுத்துப் பெரிதாக்கத் தொடங்கினான்.

“கப்பிட்டல் மட்டும் வேண்டாம். எனக்கு உந்தப் பெருமை பிடிக்காது.”