ஈ எழுத்து டயர்

"சி எழுத்து டயரே போதும்னு சொல்றேன்ல, ஆர்லீன்..."

"ஈ போட்டதைத்தான் மாட்டணும்."

"ரெண்டு வாரம் ஏரிக்கரையில இருந்துட்டு வரப்போறோம். ஈ எல்லாம் பாரம் ஏத்துறவங்களுக்கு."

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், டயர் கடை ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கு நிற்பதைக் கடைக்காரர் கைகட்டி வேடிக்கை பார்த்தார். டயரில் போட்டிருக்கும் ஆங்கில எழுத்து அது தாங்கும் பாரத்தைக் காட்டும்; சியைவிட ஈ அதிகம் தாங்கும்.

மெர்லுக்கு எரிச்சல். வீட்டை விற்றுவிட்டு, காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வீட்டிலேயே ஊர் ஊராக வாழலாம் என்று ஓய்வு பெற்ற நாளிலிருந்து கெஞ்சுகிறார். "என் அடுப்படியை விட்டு வரமாட்டேன்" என்று ஆர்லீன் ஒரே பிடியாக நின்றாள். வருஷத்துக்கு ரெண்டு வாரம்தான் அவருக்குக் கிடைத்த சலுகை. அதற்கு எதற்கு இவ்வளவு கனத்த டயர்?

"அப்படி என்னம்மா ஏத்தப்போறீங்க?" என்றார் கடைக்காரர்.

"தையல் மிஷின், என் இரும்புச் சட்டிங்க, ரெண்டு பேரோட பனிக்காலக் கோட்டு."

மெர்ல் சிரித்துவிட்டார். "ஜூலை மாசத்துல கோட்டு எதுக்கு, தாயே?"

ஆர்லீன் ஈ டயரை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நம்ம வீட்டை வாங்கறவங்க சாயங்காலம் பார்க்க வராங்க மெர்ல். பனி விழறப்ப நாம எந்த ஊர்ல இருப்போம்னு நீதான் சொல்லணும்."