கதவோரத்து வெள்ளிப்பட்டி

ஏரிக்கரைக் கிராமமான தோணிரேவில், பல வருஷமாக உப்புக்காற்றில் நிற்கும் தன் அம்பாசிடரின் முன் தேசப்பன் குந்தியிருக்கிறான். ஏரியில் இப்போது இறால் படுவதில்லை. காரைச் சரிபண்ணி பொன்னேரி ஸ்டேஷனில் வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவன் எண்ணம். பெயின்ட் அடிக்கும் முன் கதவின் அடியோரம் ஓடும் வெள்ளிப்பட்டியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் துருவேறி, தலையில் பள்ளமே தெரியாமல் தடித்துக் கிடக்கின்றன. துரு இளகட்டுமென்று காலையில் ஊற்றிய டீசல் காவி நிறமாக வழிந்து மணலில் ஊறியிருக்கிறது. சாயங்கால வெயில் பட்டியில் தெறித்து அவன் கழுத்து வியர்வையில் மினுங்குகிறது. மனைவி பூவிழி இரண்டு கையாலும் பட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறாள். திருப்புளி வழுக்கி அவன் பெருவிரலைக் கிழிக்கிறது.

"உட்டுடுய்யா. நாளிக்கு யாராச்சும் மெக்கானிக்க கூட்டியாரலாம்."

"இது ஒண்ணு வந்துட்டா மத்ததெல்லாம் தானா வரும்மே."

விரலைச் சூப்பிவிட்டு, திருப்புளியின் பின்முனையில் சுத்தியலால் தட்டி, உடம்பெல்லாம் சாய்த்துத் திருகுகிறான். கறக்கென்று ஒரு சத்தம். ஸ்க்ரூ சுற்றுகிறது.

"வந்துடுச்சுமே!"

அவள் சிரித்துவிடுகிறாள். அவன் ஸ்க்ரூவை இழுக்கிறான். அதைச் சுற்றியிருந்த தகரமும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து கூடவே வருகிறது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கிறான். தொட்ட இடமெல்லாம் ஊறிய ரஸ்க் போல உதிர்கிறது. ஏரிப்பக்கம் ஒரு படகின் மோட்டார் சத்தம் எழுந்து தேய்ந்து போகிறது. பூவிழி பட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தாண்ட பக்கம் நல்லாருக்கும்யா" என்கிறாள், அந்தப் பக்கத்தைப் பார்க்காமலேயே.