கசப்பறையின் பூட்டு

ஒரு கத்தரி இலைக்குள்ளே கசப்புச் சாறு காய்ச்சும் அறை ஒன்று இருந்தது. அந்தச் சாறு வாயில் பட்டால் எந்தப் புழுவும் ஓடிவிடும். அறையைத் திறக்கச் சாவி இருந்தது. ஆனால் பூட்டு இசைந்தால்தான் சாவி திரும்ப முடியும்.

ஒரு நாள் காலை, இலையின் நுனியிலிருந்து ஒரு துளி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"ஐயா, புழு கடிக்குது. நுனிதான் என்னை அனுப்பிச்சுது."

சாவி எழுந்து நின்றது. பூட்டு அசையவில்லை.

"எத்தனை கடி?"

"மூணுங்க."

"மூணு கடிக்கெல்லாம் சாறு காய்ச்சினா, பூக்கிறதுக்குச் சத்து மிஞ்சுமா? காம்புகிட்ட ஒப்புதல் வாங்கிட்டு வா."

"அதுக்குள்ள இலையே போயிடுமே, ஐயா," என்றது சாவி.

"உனக்கென்ன, திரும்பிட்டுப் பேசாம இருப்பே. பதில் சொல்லப்போறது நான்."

துளி காம்புக்கு ஓடி, ஒப்புதலோடு திரும்பியது. பூட்டு அதை இரண்டு முறை படித்தது.

"நுனி கொடுத்த புகார்னு போட்டிருக்கு. நுனி எங்கே?"

"புழு தின்னுடுச்சுங்க."

"புகார் கொடுத்தவரே இல்லை. இதை நான் எப்படி எடுத்துக்கிறது?"

நரம்புகள் அறுபடும் சத்தம் நெருங்கிவந்தது. பூட்டு விதியைத் தேடிக்கொண்டிருந்தபோதே புழு பூட்டையே கடித்து விழுங்கியது. தடுக்க ஆளில்லாததால் சாவி ஒரே மூச்சில் திரும்பியது. சாறு பொங்கியது. புழு காறித் துப்பியபடி தரையில் விழுந்தது. பாதி இலை பிழைத்தது.

மறுநாள் புதுப் பூட்டு ஒன்று வேலைக்கு வந்தது. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கூப்பிட்டது.

"நேத்து யாரைக் கேட்டுத் திறந்தே?"