ஏரிக்கரையில் நாலு நாள்

"மெதுவா, மெதுவா. படி பார்த்து வையுங்கோ."

ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் கணவரின் முழங்கை. சிவகௌரி லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கும் தங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. பாலேந்திரா ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சரிந்தார்.

குசினியிலிருந்து மகள் மேனுஷா எட்டிப் பார்த்தாள். அவர்களுடைய முப்பதாவது கலியாண நாளுக்கு வடக்கே மலையும் ஏரியுமான லேக் டிஸ்ட்ரிக்டில் நாலு நாள் தங்க ஒழுங்கு செய்து கொடுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கனடாவுக்கு, ரொறன்ரோவுக்குப் பயணம், புது வேலை. தான் போக முதல் அப்பாவும் அம்மாவும் ஒருக்காவாவது ஊர் சுற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள்.

"என்ன, ரெண்டு பேரும் இப்பிடிக் களைச்சுப்போனியள்?"

"மலையல்லோ பிள்ளை. ஏறி இறங்கக் களைக்காதே?" என்றாள் சிவகௌரி.

"ரோமன் கோட்டைக்குப் போனனீங்களோ?"

"கோட்டை எண்டு பேர்தான்." பாலேந்திரா கண்ணை மூடியபடியே சொன்னார். "இடிஞ்ச மதிலும் காத்தும். அந்தக் குளிருக்க சிப்பாய்மார் என்னெண்டு இருந்தவையோ."

"கையில என்ன பிளாஸ்டர், அப்பா?"

"மதில்ல உரசினது." சிவகௌரி முந்திக்கொண்டாள். "சொன்னாக் கேக்கிறாரே?"

மேனுஷா புட்டும் மீன்குழம்பும் கொண்டு வந்து வைத்தாள். பாலேந்திரா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். "பிறகு சாப்பிடுறன் பிள்ளை. பஸ்ஸில வந்தது வயித்தைப் பிரட்டுது."

"பென்சில் மியூசியம் எப்பிடி?"

"பென்சில் பாக்க இவ்வளவு தூரம் வர வேணுமோ எண்டு அப்பா ஒரே புறுபுறுப்பு." சிவகௌரி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் கொட்டாவியாகிவிட்டது.

"தங்கின இடம்? பழைய கல்வீடு எண்டு இன்டர்நெற்றில போட்டிருந்தவை."

"நல்ல இடம். விறகு அடுப்பு, யன்னலைத் திறந்தா ஏரி. கட்டில்தான் சரியில்லை. அப்பா நாலு இரவும் கண் மூடேல்லை." கடைசிச் சொல்லில் அவளுடைய குரல் தளர்ந்தது.

"படங்களைக் காட்டுங்கோவன்."

"போனில சார்ஜ் இல்லை. அதை விடு, உன்ர சாமான் எல்லாம் அடுக்கிப்போட்டியோ? இன்னும் ரெண்டு நாள்தானே கிடக்கு."

"நான் போகேல்லை அம்மா. டிக்கெட்டைக் கான்சல் பண்ணிட்டன்."

பாலேந்திரா சட்டென்று நிமிர்ந்தார். அந்தச் சின்ன அசைவுக்கே அவருடைய நெற்றி வியர்த்தது. "என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த வேலை!"

"வேலை பிறகும் எடுக்கலாம்."

"நீ போக வேணும் எண்டுதானே பிள்ளை நாங்கள்..." சிவகௌரி தொடங்கிவிட்டு நிறுத்தினாள்.

மேனுஷா அப்பாவின் காலடியில் நிலத்தில் அமர்ந்து, அவருடைய சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதோடேயே மல்லுக்கட்டினாள்.

பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"காலமை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டு போனுக்குக் கோல் எடுத்தவை, அப்பா. அடுத்த கீமோவுக்கு நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்."