விடியற்காலைப் போத்தல்

வெள்ளவத்தையில், ஒரு மாதத்துக்குப் பிறகு வெளியே எடுத்த பழைய ஜீப் ஆவி கக்கி நின்றது. சுகந்தினி பதறி இறங்கினாள்.

பக்கத்துக் கராஜிலிருந்து வந்த மெக்கானிக் சாந்தகுமார் பொனட்டைத் திறந்தார். "ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணியில்லம்மா. ஒழுகின கறையப் பாத்தா ஒரு வருசமாவது இருக்கும். யாரோ தினமும் தண்ணி ஊத்தித்தான் உங்கள ஓட விட்டிருக்காங்க."

தினமும் விடியவே போத்தலோடு மாடியிலிருந்து இறங்குவது சுகந்தினியின் கணவர் குகதாசனின் வழக்கம். களவாகக் குடிக்கிறார் என்று ஒரு வருடமாக அவரோடு அவள் கதைக்கவேயில்லை.

"புது ரேடியேட்டர் வரும்வரைக்கும் இதுவரை ஊத்தினவரையே ஊத்தச் சொல்லுங்கம்மா."

பின்சீட்டில், முப்பத்தோராம் நாள் நினைவுக் கிரியைக்காகப் பிரேம் போட்டு வாங்கிய குகதாசனின் படம் கிடந்தது. ஒரு வருடமாகக் கேட்காததை அவள் அந்தப் படத்திடம் கேட்டாள்:

"இஞ்சாருங்கோ, அந்தப் போத்திலுக்குள்ள என்ன?"