பன்னிரண்டு அடிச் சோளம்

நான்காவது முறையாக அறுவடை இயந்திரம் தொண்டை அடைத்து நின்றபோது, அதை வடிவமைத்த ஆக்னஸ் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பன்னிரண்டு அடி உயரத்துக்கு நெருக்கமாக நிற்கும் தீவனச் சோளம். கத்தி ஒழுங்காகத்தான் வெட்டியது. வெட்டியதை உள்ளே இழுக்கும் உருளைகளில் தட்டை சிக்கிக்கொண்டது.

"நாளைக்கும் நின்னுச்சுன்னா இந்த மெஷினையே மறந்துடலாம்," என்றார் பாலாநகர் தொழிற்சாலை மேலாளர் சீனிவாசன்.

நிலத்துக்காரர் துரைராஜ் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்வாசி; அவர் தமிழில் 'ஏன்' என்பது 'கைக்கு', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'. "கைக்கு அழுவுறேம்மா? நாளைக்கு ஓடும் பாரு," என்று தேற்றினார்.

அன்று தொழிற்சாலைக்குத் திரும்பிய ஆக்னஸ், உருளைகளின் இடைவெளியை இரண்டு விரல் கூட்டினாள்.

மறுநாள் இயந்திரம் மீதமிருந்த அரை ஏக்கரையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வெளியே வந்தது. சீனிவாசன் கைதட்டினார். பத்து இயந்திரங்கள் செய்யும்படி அங்கிருந்தே போனில் உத்தரவு போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

"ரெண்டே விரல் அங்கிள்! எட்டு மாசமா எனக்கு இது தோணவே இல்லையே!" என்று ஆக்னஸ் துள்ளினாள்.

துரைராஜ் குரலைத் தாழ்த்தினார். "நீ அழுதது மனசு கேக்கலம்மா. விடியறப்பவே ஆறு ஆளை உள்ளே விட்டேன். ஓரத்தைத் தொடாம, நடுவுல ஒரு தட்டை விட்டு ஒரு தட்டை அறுத்து எருமைக்குப் போட்டாச்சு."

ஆக்னஸ் சாலையைப் பார்த்தாள். கார் போயே போய்விட்டது.

"ஆனா பத்து மெஷின் நக்கோம்மா. அத்தனைக்கும் ஆளுக்கு நான் எங்கே போவேன்?"