முகப்புக் கொலை

கண்ணாடிக் கடைக்காரர் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நகராட்சிக் கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தார். எழுத்து மாறவில்லை.

'தங்கள் வீட்டின் தொன்மையான முகப்பைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கக் கோரி விண்ணப்பம் வந்துள்ளது. சேர்க்கப்பட்டால் தாங்கள் வீட்டை விற்கலாம், உள்ளே மாற்றங்கள் செய்யலாம். ஆனால் இடிக்கவோ, அனுமதியின்றி முகப்பை மாற்றவோ கூடாது. இறுதி ஆய்வு வியாழக்கிழமை. அதற்குள் முகப்புக்குச் சேதம் விளைவிப்பது குற்றம்.'

“எந்தப் பாவி போட்டான் இந்த விண்ணப்பத்தை?” என்று குதித்தார். “இடிச்சு நாலு மாடி கட்டலாம்னு பில்டர்கிட்ட வாக்கு கொடுத்துட்டேனே!”

“எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டரா இருக்கும். அந்த மனுஷன் எப்பப் பார்த்தாலும் நம்ம வீட்டையே பார்த்துட்டு நிப்பாரு,” என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

முன்னறைதான் அவளுடைய தையல் கடை. இடித்துக் கட்டினால் தங்கள் பங்காக வரும் நாலாவது மாடிக்குத் துணி கொண்டுவந்து யார் கொடுப்பார்கள் என்று ஆறு மாதம் சண்டை போட்டாள். போன வாரம்தான் ஒருவழியாக ஓய்ந்திருந்தாள். அதில் அவருக்குப் பரம நிம்மதி.

“ஏங்க, முகப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே பட்டியல்?” என்றாள் மெதுவாக.

அவருக்குப் பொறி தட்டியது. “குற்றம்னு போட்டிருக்கானே?”

“மழையில பேந்து விழுந்துச்சுன்னு சொல்லிடலாம். மழை மேல யாரு கேஸ் போடுவா?”

ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். அவர் சுத்தியலும் உளியுமாக ஏணியில் ஏறினார். சத்தம் வெளியே கேட்காதபடி அவள் மெஷினை விடாமல் மிதித்தாள்.

“என் போர்டு மாட்டின ஆணி ஓட்டைகிட்ட ஆரம்பிங்க. அங்க ஏற்கெனவே பேந்து கிடக்கு,” என்று யோசனையும் சொன்னாள்.

அவர் பிறந்ததிலிருந்து பார்த்த சிமென்ட் முகப்பு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளிருந்து மேடும் பள்ளமுமாக, மண் அப்பிய கருங்கல் எட்டிப் பார்த்தது. அதில் உளி இறங்கவில்லை.

“போதும். இந்த அவலட்சணத்தை எவன் பட்டியல்ல சேர்ப்பான்?” என்று இறங்கி வந்தார்.

“மழை பெஞ்ச மாதிரி இருக்கணும்ல?” என்று அவள் குழாயைப் பிடித்து, சுவர் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சினாள். புதன்கிழமைவரை தினமும் பீய்ச்சினாள். இப்படி ஒரு மனைவி அமைந்ததற்காக அவர் மனதாரப் பெருமைப்பட்டார்.

வியாழக்கிழமை காலை, அதிகாரி கேமராவுடன் வந்து வாசலில் நின்றார்.

“அது வந்து சார், மழையில...”

அதிகாரி காதில் வாங்கவில்லை. கழுவிவிட்ட சுவரில் பளிச்சென்று தெரிந்த கல்லில் செதுக்கிய கொடிகளையும் வளைவுகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“அற்புதம்! இருநூறு வருஷமாவது இருக்கும். மேல பூசின சிமென்டைப் பேத்துக் காட்டினாத்தான் பட்டியல்ல சேர்க்க முடியும்னு போன தடவையே சொல்லிட்டுப் போனேன். இவ்வளவு சுத்தமாப் பேத்திருக்கீங்களே!”

“போன தடவையா? யாருகிட்ட சொன்னீங்க?”

“விண்ணப்பம் போட்ட உங்க வீட்டம்மாகிட்டதான்.”

முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மதியத்தைவிடச் சத்தமாகத் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.